கவுன்சில்காரர் வீட்டுக்கு வரும்போது என்ன சொல்வது?

கேள்வி: வடமேற்கு லண்டனில் இருக்கிறோம். மாமிக்கு 79 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் பலமில்லாமல் போனது. இப்போது டிமென்ஷியாவும் தொடங்கிவிட்டது என்று மெமரி கிளினிக்கில் சொல்கிறார்கள். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு, மருந்து, இரவில் பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது எல்லாம் நான்தான். கணவர் பிற்பகல் நான்கு மணிக்கு வேலைக்குப் போனால் விடியப்புறம்தான் வருவார். நான் மாலையில் ஓர் அலுவலகத்தில் கிளீனிங் வேலை, கிழமைக்கு 15 மணித்தியாலம். அந்த நேரம் 15 வயது மகள்தான் அப்பம்மாவோடு இருப்பாள். உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். “குடும்பத்தோடுதானே இருக்கிறார், பார்க்க ஆள் இருக்கிறதே” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மச்சாளோ, வெளியாட்களை வீட்டுக்குள் விட்டால் அம்மாவைக் கொண்டுபோய் முதியோர் ஹோமில் போட்டுவிடுவார்கள், வீட்டையும் எடுத்துவிடுவார்கள் என்கிறா. எனக்கு முதுகுவலி, ஒழுங்கான நித்திரை இல்லை. நான் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

போனில் உங்களுக்குச் சொன்ன பதில் பிழை. “பார்க்க ஆள் இருக்கிறது” என்று சொல்லி அசெஸ்மென்ட் (என்ன உதவி தேவை என்ற மதிப்பீடு) செய்யாமல் விட இங்கிலாந்துச் சட்டம் கவுன்சிலுக்கு இடம் கொடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கேர் ஆக்ட் 2014-ன் 9-வது பிரிவின்படி, ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்கலாம் என்று தோன்றினாலே கவுன்சில் அவருக்கு நீட்ஸ் அசெஸ்மென்ட் செய்ய வேண்டும். அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. 10-வது பிரிவு உங்களுக்கானது. சம்பளம் இல்லாமல் ஒருவரைப் பராமரிக்கிறவர் கேரர். அவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தால் கேரர்ஸ் அசெஸ்மென்ட் செய்வதும் கவுன்சிலின் கடமை. இரண்டும் இலவசம். இரண்டும் வேறு வேறு. ஒன்றாகச் செய்யச் சம்மதிக்கலாம், தனித்தனியாகவும் கேட்கலாம். மாமி “எனக்கு ஒருத்தரும் வேண்டாம்” என்று தனக்கானதை மறுத்தாலும் உங்களுக்கானதை அது தடுக்காது.

இனிமேல் போனில் கேட்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் இணையத்தளத்தில் அடல்ட் சோஷல் கேர் என்ற பகுதியில் படிவமோ மின்னஞ்சலோ இருக்கும். மாமியின் பெயர், வயது, ஸ்ட்ரோக், டிமென்ஷியா, தனியாக விட முடியாது என்பது, இரவில் எழுப்புகிறா என்பது, உங்கள் முதுகுவலி, 15 வயதுப் பிள்ளை பார்க்க வேண்டியிருப்பது. இவ்வளவையும் நாலைந்து வரியில் எழுதி, “கேர் ஆக்ட் 2014, 9-ம் 10-ம் பிரிவுகளின்படி மாமிக்கும் எனக்கும் அசெஸ்மென்ட் கேட்கிறேன்” என்று முடியுங்கள். பிரிவு எண்ணைப் போட்டுக் கேட்கிற கடிதத்தைக் கவனிக்காமல் விடுவது கஷ்டம். இத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் திகதி இல்லை, நியாயமான காலத்துக்குள் என்றுதான் இருக்கிறது. அதனால் சில கவுன்சில்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். இடையில் நிலைமை மோசமானால் அதையும் எழுதுங்கள். அவசரம் என்றால் அசெஸ்மென்ட் முடியும் முன்பே உதவி கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சிலில் முதியோர் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் ஆட்களுக்கு உதவி கிடைக்காமல் போவது பெரும்பாலும் சட்டத்தால் இல்லை, அந்த ஒரு மணித்தியாலம் வரவேற்பறையில் நடப்பதால்.

அசெஸ்மென்ட் செய்யக் கவுன்சிலிலிருந்து சோஷல் வேர்க்கர் வருகிறார் என்றதும் வீடு கூட்டித் துடைக்கப்படும். மாமிக்கு நல்ல சேலை உடுத்தி, தலை இழுத்து, திருநீறு பூசிக் கதிரையில் இருத்தியாகிவிடும். வந்தவர் “உங்களால் தேநீர் போட முடியுமா?” என்று கேட்பார். மாமிக்கு அது கேள்வியாகவே படாது. வந்த ஆளுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவதா? “ஓமோம், இருங்கோ, போட்டுக்கொண்டு வாறன்” என்று எழும்புவா. நீங்கள் பின்னாலேயே ஓடிப்போய்க் கேத்தலில் தண்ணீர் விட்டு, சுவிட்சைப் போட்டு, பால் எடுத்துக் கொடுத்து, கோப்பையையும் நீங்களே தூக்கி வருவீர்கள். மாமி தட்டை மட்டும் பிடித்தபடி சிரித்துக்கொண்டு வருவா. படிவத்தில் விழுவது: “சூடான பானம் தானே தயாரிக்கிறார்.” குளிப்பது? “நானே குளிப்பன்.” உடுப்பு? “அதுக்கென்ன, நானே உடுப்பன்.” பிறகு உங்களைப் பார்த்து “உங்களுக்கு எப்படி?” என்று கேட்பார்கள். மாமி பக்கத்தில் இருக்கிறா. “பரவாயில்லை, சமாளிக்கிறோம்” என்பீர்கள். அதோடு கதை முடிந்தது.

வந்தவர் கெட்டவர் இல்லை. பார்த்ததையும் கேட்டதையும்தான் அவர் எழுத முடியும்.

ஆகவே அன்றைக்கு நீங்கள் உதவாமல் இருங்கள். வீடு வழக்கம்போலக் கிடக்கட்டும். மாமி தேநீர் போட எழும்பினால் போகட்டும், சோஷல் வேர்க்கரையும் கூடவே குசினிக்குக் கூட்டிப் போங்கள். சுடுதண்ணீர் பக்கம் போகும்போது தடுத்தால் போதும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நீங்களோ மகளோ மொழிபெயர்த்தால் மாமி சொல்வதைச் சொல்வீர்கள், உங்கள் கதையைச் சொல்லும் இடம் இருக்காது. அதோடு “நேரத்துக்குக் கக்கூசுக்குப் போகத் தெரிகிறதா?” என்பதை ஒரு பிள்ளையிடம் சொல்லி அப்பம்மாவிடம் கேட்பிக்கிற கொடுமையும் வேண்டாம். உங்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றும் சொல்லுங்கள். மாமிக்கு முன்னால் வாய் திறக்காத மருமகள்கள், கதவுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம் படிவத்தில் ஏறுவதில்லை.

அவர்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்தால் பேசுவது சுலபம். மாமியின் விஷயத்தில் பத்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: சாப்பாடு, உடல் சுத்தம், கழிவறை, உடுப்பு, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது, வீட்டைப் பராமரிப்பது, உறவுகள் என்று போகும். இதில் இரண்டோ அதற்கு மேலோ முடியவில்லை, அதனால் அவர் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்படுகிறது என்றால் தகுதி உண்டு. “முடியவில்லை” என்றால் கையைக் காலை அசைக்கவே ஏலாது என்று அர்த்தம் இல்லை. இன்னொருவர் உதவி இருந்தால்தான் முடிகிறது, அல்லது நோவோடு, ஆபத்தோடு, வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்துத்தான் முடிகிறது என்றாலும் அது “முடியவில்லை” கணக்குத்தான். நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பது விதி. “நீங்கள் இல்லாவிட்டால் மாமி என்ன செய்வா?” என்பதே ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே இருக்கும் கேள்வி. பதிலையும் அப்படியே சொல்லுங்கள். “குளிப்பா” என்று சொல்லாமல், “ஷவருக்குள் ஏற ஒரு கையைப் பிடிக்க வேண்டும், சோப்பைக் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு நிற்பா, முதுகும் காலும் நான்தான், 40 நிமிடம் ஆகும்” என்று சொல்லுங்கள்.

இதற்கு ஒரு கிழமைக் குறிப்பு எழுதி வையுங்கள். கொப்பியில் தமிழிலேயே எழுதலாம். இரவு எத்தனை மணிக்கு எழுப்பினா, எத்தனை தரம், விழப் பார்த்தாவா, மருந்தைத் துப்பினாவா, அடுப்பைத் திறந்துவிட்டாவா. நல்ல நாளை மட்டும் சொல்லிவிடாதீர்கள். டிமென்ஷியா உள்ளவர்கள் விருந்தாளி முன்னால் ஒரு மணித்தியாலம் மிகத் தெளிவாக இருப்பார்கள், அந்தக் களைப்பில் அன்று இரவு முழுக்கக் குழம்புவார்கள். இது அசெஸ்மென்ட் செய்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லாமல் இருக்க வேண்டாம்.

உங்களுக்கான அசெஸ்மென்டில் வாசல் இன்னும் தாழ்வு. பராமரிப்பதால் உங்கள் உடல்நலமோ மனநலமோ கெடும் ஆபத்து இருந்தாலே, அல்லது பிள்ளையைக் கவனிப்பது, வேலை, வீட்டு அலுவல், சிநேகிதம், கோயில் குளம் என்று எதிலாவது ஒன்று தவறிப்போனாலே, அது உங்கள் வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால் போதும். முதுகுவலிக்கும் நித்திரையின்மைக்கும் முதலில் உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் போங்கள். “நான் கேரர்” என்று சொல்லி அவர்களின் பதிவில் போடச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கும் என்பது ஒரு பக்கம்; உங்கள் உடம்பு கெடுகிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும் என்பதுதான் பெரிய பக்கம்.

உங்களுக்கான அசெஸ்மென்டில் ஒரு கேள்வி வரும், கவனம். “இந்தப் பராமரிப்பைத் தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பமா, முடியுமா?” இது சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை, கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏனென்றால் நீங்கள் மனமுவந்து செய்கிற பகுதியைக் கவுன்சில் செய்யத் தேவையில்லை, மிச்சம்தான் அவர்கள் பொறுப்பு. “ஓம்” என்று மொத்தமாகச் சொன்னால் மொத்தமும் உங்கள் தலையில். இங்கிலாந்துச் சட்டத்தில் மருமகளுக்கு மாமியைப் பராமரிக்கும் கடமை எதுவும் கிடையாது, மகனுக்கும் கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் சனம் முகம் சுளிக்கும் என்று தெரியும். நான் மாமியைக் கைவிடச் சொல்லவில்லை. எது உங்களால் முடியும், எது முடியாது என்று பிரித்துச் சொல்லச் சொல்கிறேன். “சமைப்பேன், மருந்து கொடுப்பேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். தூக்கிக் குளிப்பாட்ட என் முதுகு இடம் கொடாது. வேலை நேரத்தில் என் மகள் பார்க்க மாட்டாள். கிழமையில் இரண்டு இரவாவது நான் நித்திரை கொள்ள வேண்டும்.” இதை ஒரு தாளில் எழுதி, கணவரோடு முதலே பேசி, அன்று அவரையும் அந்த அறையில் இருக்கச் செய்யுங்கள். அவருடைய தாய்தானே.

என்ன கிடைக்கலாம்? காலையில் வந்து குளிக்க வார்த்து உடுப்பு மாற்ற ஏஜென்சி ஆட்கள், பகல் நேர மையம், நீங்கள் வேலைக்குப் போகிற மூன்று மணித்தியாலம் கூட இருக்க ஒருவர், வருடத்தில் சில நாள் உங்களுக்கு ஓய்வு. அன்றாட வேலைகளைச் சுலபமாக்க வழி பார்க்கும் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்டை அனுப்பச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். ஷவர் நாற்காலி, கைப்பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கொமோட் (கழிவறை நாற்காலி) போன்ற சாதனங்களும், 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களும் தேவை என்று கண்டால் இலவசம். ஒரு கொமோட் உங்கள் இரவில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும். குளியலறையையே மாற்ற வேண்டும் என்றால் டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் என்ற மானியம், இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை உண்டு.

ஏஜென்சி அனுப்பும் ஆள் அரை மணித்தியாலத்தில் அவசர அவசரமாக, மாமிக்கு விளங்காத மொழியில் பேசி அவவைப் பயமுறுத்திவிட்டுப் போவார் என்ற கவலை நியாயமானது. டிமென்ஷியா முற்ற முற்றப் பலருக்கு, பிறகு படித்த ஆங்கிலம் முதலில் போய்விடும். அதனால் தமிழ் பேசும் ஆள் கேட்பது ஆடம்பரம் இல்லை, தேவைதான், அசெஸ்மென்டில் தேவை என்றே எழுதிவிக்க வேண்டும். கவுன்சிலால் அப்படி ஒருவரைத் தர முடியாவிட்டால் டைரக்ட் பேமன்ட் கேளுங்கள். காசை உங்களிடம் தருவார்கள், நீங்களே தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணை வேலைக்கு வைக்கலாம். அதே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்கு அந்தக் காசைக் கொடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள். தனி வீட்டில் இருக்கும் உறவுக்குக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள்: சம்பளச் சீட்டு, காப்புறுதி, லீவு எல்லாம் உண்டு. கணக்குப் பார்க்க உதவும் அமைப்பைக் கவுன்சிலே காட்டும்.

மச்சாளின் பயங்களுக்கு வருவோம். உதவி கேட்டதற்காக யாரையும் ஹோமில் போடுவதில்லை. குடும்பம் உடைந்து, பார்க்க ஆளில்லாமல் போகும்போதுதான் ஹோம் பேச்சு வரும். நீங்கள் விழாமல் இருப்பதே மாமி வீட்டில் இருப்பதற்கு வழி. வீடு? மாமியின் பராமரிப்புக்கு மாமியின் வருமானமும் சேமிப்பும் மட்டும்தான் கணக்கு. உங்கள் சம்பளமும் கணவர் சம்பளமும் இல்லை. வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்போது, மாமி பெயரில் வீடு இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உங்கள் பெயரில் இருக்கும் வீட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை. மாமியின் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் என்றால் முழுச் செலவும் அவவுடையது. 14,250-க்குக் கீழ் என்றால் வருமானத்திலிருந்து ஒரு பங்கு மட்டும் கேட்கலாம், அதுவும் கையில் ஒரு குறைந்தபட்சத் தொகையை விட்டுவிட்டு. எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுச் சம்மதியுங்கள். மச்சாளிடம், கனடாவிலிருந்து ஒரு மாதம் வந்து நிற்க முடியுமா என்றும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

மகளைப் பற்றி. பதினைந்து வயதுப் பிள்ளை பராமரிக்கிறாள் என்று சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். மறைத்தால், பார்க்க ஆள் இருக்கிறது என்ற அந்தப் பழைய பதில்தான் வரும். அவள் சட்டப்படி யங் கேரர், அதாவது 18 வயதுக்குட்பட்ட கேரர். அவளுக்கும் தனியாக அசெஸ்மென்ட் உண்டு. பள்ளிக்கூடத்திலும் சொல்லி வையுங்கள், ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை வருடத்தில் அது உதவும்.

காசு விஷயம். மாமிக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரச உதவித்தொகை எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டிருந்தால் கிடைக்கும். சேமிப்பு, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. 2025–26 கணக்கில் கிழமைக்கு 73.90 பவுண்ட். பகலும் இரவும் உதவி தேவை என்றால் 110.40. ஒவ்வொரு ஏப்ரலும் தொகை மாறும். இரவு விவரத்தை விட்டுவிட்டால் கூடிய தொகை போய்விடும், உங்கள் கொப்பி இங்கேயும் உதவும். படிவம் நீளம்தான். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூ.கே. போன்ற உதவி அமைப்புகளில் நிரப்பித் தருவார்கள். மாமியை ஸ்பொன்சர் செய்து அழைத்து ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் மட்டும் இதற்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். விசா நிபந்தனையால் தடுக்கப்படும் அரச உதவிகளின் பட்டியலில் கவுன்சிலின் பராமரிப்பு இல்லை, ஆகவே அசெஸ்மென்ட் கேட்க அது தடையில்லை.

மாமிக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்த பிறகு உங்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ். கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்க்கிறவருக்கு, 2025–26-ல் 83.30 பவுண்ட். மாமியின் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அவவுக்குத் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் தருவார்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் போகக் கிழமைச் சம்பளம் 2025–26 கணக்கில் 196 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் 15 மணித்தியாலம், மணிக்கு அந்த வருடக் குறைந்தபட்சம் 12.21 என்றால் 183 வரும், பிரச்சினை இல்லை. யாரோ வரவில்லை என்று இரண்டு மணித்தியாலம் கூடச் செய்தால் 207. அந்தக் கிழமை அலவன்ஸ் கொஞ்சம் குறையாது, முழுதாகவே போகும். தெரியாமல் வாங்கியவர்களிடம் பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் மாறினால் அன்றே அறிவியுங்கள். குறைந்த வருமானத்துக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை எடுக்கிறீர்கள் என்றால் அதில் இது கழியும், ஆனால் கேரர் என்ற பெயரில் ஒரு தொகை கூடும்.

கவுன்சில் டாக்ஸிலும் பாருங்கள். டிமென்ஷியாவுக்கு டாக்டர் சான்றிதழும் அட்டென்டன்ஸ் அலவன்ஸும் இருந்தால், வரிக்காக வீட்டில் உள்ள பெரியவர்களை எண்ணும்போது மாமியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதே வீட்டில் இருந்து 35 மணித்தியாலம் பராமரிக்கும் மருமகளையும் நிபந்தனைகள் பொருந்தினால் விட்டுவிடுவார்கள். அப்போது கணவர் ஒருவர்தான் கணக்கு, 25 சதவீதம் கழியும். இது யாரும் தேடி வந்து சொல்லும் சலுகை இல்லை.

வேலையிடத்தில், 2024 ஏப்ரல் முதல் வருடத்துக்கு ஒரு கிழமை கேரர்ஸ் லீவு எடுக்கலாம், சம்பளம் இல்லாமல். மாமி ஆஸ்பத்திரியில் படுத்தால், வீட்டில் என்ன உதவி என்று தெரியாமல் “கூட்டிக்கொண்டு போகிறோம்” என்று வாய் கொடுக்காதீர்கள். திரும்பவும் எழும்பி நடக்கப் பழக்கும் ரீஏபிள்மென்ட் உதவி ஆறு கிழமை வரை இலவசமாகக் கிடைக்கக்கூடும், வார்டிலேயே கேளுங்கள்.

அசெஸ்மென்ட் முடிந்ததும் அதன் பிரதியையும், தகுதி உண்டா இல்லையா என்ற முடிவையும், இல்லை என்றால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ கவுன்சிலிலேயே முறைப்பாடு கொடுத்து, அதிலும் சரிவராவிட்டால் கவுன்சில் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை.

கவுன்சிலுக்கு எழுதுவதை ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து எழுதுங்கள். ஆனால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் படிவத்தை நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்கள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால், நீங்கள் போன் பண்ணிய நாளிலிருந்துதான் காசு கணக்கு.